சருகுமான் தாண்டாத வேலி

அரிசி அகப்பட்டால் என்ன தண்டனை என்று தோட்டத்தில் எல்லோருக்கும் தெரியும். காகிதம் அகப்பட்டால் என்ன தண்டனை என்று யாருக்கும் தெரியவில்லை. மயிலம்மாளின் இடுப்பில் அகப்பட்டது காகிதம்.

மலாயாவில் அவசரகாலத்தின் நான்காம் ஆண்டு அது. புக்கிட் பெலண்டோக்கை ஒட்டிய அந்த ரப்பர் தோட்டத்தில், தொழிலாளர் குடியிருந்த லயங்களைச் சுற்றிக் கம்பிவேலி போட்டிருந்தார்கள். வெள்ளைக்கார ஆட்சியை எதிர்த்துக் காட்டிலிருந்த ஆயுதக்காரர்களுக்குச் சோறு போய்விடக் கூடாது என்பதற்காக, பால்வெட்டப் போகிறவர்களை விடியற்காலையில் வாசலில் சோதித்துத்தான் வெளியே விடுவார்கள். பெண்களைச் சோதிப்பவள் நீலாவதி.

"என்னடி இது, தாலி மாதிரி பத்திரமா மடிச்சு வெச்சிருக்கே?"

"துரைசானியம்மா கொடுத்தது, அக்கா. என் கதையைப் பாட்டா எழுதியிருக்காங்க. பால் கொண்டு வர்றப்ப கிராணி ஐயாவைப் படிச்சுக் காட்டச் சொல்லணும்லா."

"உனக்கு வந்த வாழ்வைப் பாரு, இங்கிலீசு பாட்டு!" என்று நீலாவதி சிரித்தாள். ஆனால் பக்கத்தில் போலீஸ் சார்ஜன் நின்றுகொண்டிருந்தான். காகிதம் அவன் கைக்குப் போனது; மயிலம்மாளும் காவல் நிலையத்துக்குக் கொண்டுபோகப்பட்டாள்.

துரைசானி ஹெலன் பிராட்வெல் அமெரிக்காவில் பிறந்தவர். தோட்டத்துத் துரையை மணந்து இங்கே வருவதற்கு முன்பே அவர் பெயர்பெற்ற கவிஞர். இருபத்து நான்கு வயதில் முதல் புத்தகம். அடுத்த புத்தகத்துக்குப் பரிசு. இதையெல்லாம் மயிலம்மாளுக்குச் சொன்னவர் பங்களாவின் சமையல்காரர் மதார் மைதீன்.

"இங்க வந்து நாலு வருசமா ஒரு வரி வரலையாம்" என்றும் அவர் சொன்னார். "வாசல்ல முள்ளுக்கம்பி, சன்னல்ல மணல் மூட்டை. பாட்டு எந்த வழியா உள்ளே வரும், சொல்லு?"

பிற்பகல்களில் மயிலம்மாள் பங்களாவில் புல் வெட்டப் போவாள். துரைசானி பாதித் தமிழும் பாதி மலாயுமாகப் பேச்சுக் கொடுப்பார். ஒருநாள், மகள் செல்லத்துக்காகத் தானே கட்டிய கதையொன்றை மயிலம்மாள் சொன்னாள். வேலிக்குள் குடியிருந்த சருகுமான் ஒன்று வாசல் வழியே வெளியே போய்ப் புல் கவ்வி வரும். காவல்நாய், "இந்தப் புல் புலிக்கா?" என்று கேட்கும். புலியோ, "இந்தப் புல் நாய்க்கா?" என்று உறுமும். சருகுமான் இருவரும் பார்க்க நடுவழியில் நின்று, புல்லைத் தானே தின்றுவிட்டுக் குட்டியிடம் திரும்பும். துரைசானி அன்று அதை இரண்டு முறை சொல்லச் சொல்லிக் கேட்டார். ஒரு வாரம் கழித்துக் காகிதத்தைக் கொடுத்தார்.

அதைத்தான் இப்போது காவல் நிலையத்தில் வெள்ளைக்கார அதிகாரி படித்துக்கொண்டிருந்தார். கடைசி வரிகளுக்கு வந்ததும் அவர் முகம் இறுகியது. மொழிபெயர்க்க வந்திருந்த தோட்டத்துக் கணக்கர், கிராணி கணேசமூர்த்தி, எட்டிப் படித்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"ஏம்மா மயிலம்மா, கதை கடைசியில சருகுமான் என்ன செய்யுது?"

"குட்டிகிட்டத் திரும்பி வரும், ஐயா."

"இதுல அப்படி இல்லையேம்மா. ஒரே தாவுல வேலியைத் தாண்டிக் காட்டுக்குள்ள போயிடுது. காடு அதை வா வான்னு கூப்பிடுதாம். 'இது உன் கதைதானே'ங்கிறார் இந்தப் போலீஸ் துரை."

அந்த ஆண்டில் வேலியைத் தாண்டிக் காட்டுக்குள் போவது என்றால் ஒரே பொருள்தான்: ஆயுதக்காரர்களோடு சேர்வது. அப்படிப் பேசினவர்களைத் தடுப்பு முகாமில் அடைத்தார்கள். சிலரைக் கப்பலேற்றி, அவர்கள் கண்டிராத இந்தியாவுக்கு அனுப்பினார்கள். அவளுடைய கணவன் சப்பான்காரன் காலத்தில் சயாம் ரயில் பாதைக்குக் கொண்டுபோகப்பட்டுத் திரும்பாதவன். செல்லத்துக்கு இன்னும் ஒன்பது வயதுதான்.

"கதை என்னுதுதான் ஐயா. முடிவு என்னுது இல்லை."

"அதை யார் நம்புவா?" என்றார் கிராணி தாழ்ந்த குரலில்.

துரைசானி கடற்கரை ஊரான போர்ட்டிக்சனுக்குப் போயிருந்தார். அவர் திரும்பும் வரை மயிலம்மாள் பெஞ்சில் உட்கார வைக்கப்பட்டாள். அவள் பால்வெட்டும் நிரையில் அன்று மரங்கள் வெட்டப்படாமலே வெயில் ஏறிற்று.

மூன்று மணிக்குத் துரைசானி வந்தார். விவரம் கேட்டதும் நேரே அதிகாரியின் மேசைக்குப் போனார். அந்த முடிவு தான் எழுதியது என்று அதிகாரியிடம் சொல்லி, அப்படியே எழுதிக் கையொப்பமும் போட்டுக் கொடுத்தார். தோட்டத்துத் துரையின் மனைவியை முகாமுக்கு அனுப்ப முடியுமா? அதிகாரி மயிலம்மாளைப் போகச் சொன்னார். இனி வாசலைத் தாண்டி ஒரு துண்டுக் காகிதமும் போகக் கூடாது என்று கண்டித்தார்.

வெளியே வந்ததும் துரைசானி கேட்டார்: "மயிலம்மா, மன்னிக்கணும். என் பாட்டு எல்லாம் கடைசியில பறக்கும். அமெரிக்காவில அது ரொம்ப பிடிக்கும். சருகுமான் ஏன் குதிக்காது? வெளியே சுதந்திரம்லா?"

"எங்கேம்மா குதிக்கும்? வெளியே புலி, உள்ளே குட்டி." மயிலம்மாளுக்குச் சட்டென்று கோபம் வந்தது. "குதிச்சுப் போறதுதான் பெரிசா? ரெண்டு பேரும் முறைக்கிறப்ப நின்னு திங்கிறதுக்கு எவ்வளவு தைரியம் வேணும்!"

துரைசானி, அதிகாரி திருப்பிக் கொடுத்திருந்த காகிதத்தின் கடைசி வரிகளைப் பென்சிலால் அடித்தார்.

திருத்திய பாட்டு எட்டு மாதங்கள் கழித்து அமெரிக்கப் பத்திரிகை ஒன்றில் வந்தது. பிறகு அவருடைய மூன்றாம் புத்தகத்துக்கும் அதுவே முதல் பாட்டாயிற்று. முந்தைய இரண்டையும் எழுதிய கையா இதை எழுதியது என்று அவர் ஊரில் வியந்தார்களாம்.

பத்திரிகை வந்த அன்று துரைசானி அதைப் பங்களா முற்றத்தில் மயிலம்மாளிடம் நீட்டினார். தலைப்புக்குக் கீழே, கதை சொன்னவர் பால்வெட்டுத் தொழிலாளி மயிலம்மாள் என்று அச்சிட்டிருப்பதை, படித்துக் காட்ட வரவழைத்திருந்த கிராணி விரல் வைத்துக் காட்டினார். மயிலம்மாள் சேலையில் கையைத் துடைத்துக்கொண்டு அந்த எழுத்துகளை ஒரு முறை தடவிப் பார்த்தாள்.

"முடிவு?" என்று கேட்டாள்.

"புல்லைத் தின்னுட்டுக் குட்டிகிட்டத் திரும்புது" என்றார் கிராணி.

"அப்ப சரி." அவள் பத்திரிகையைத் துரைசானியிடமே திருப்பிக் கொடுத்தாள். "உங்ககிட்டயே இருக்கட்டும்மா. நான் நாளைக்கும் அந்த வாசல் வழியாத்தானே போகணும்."

பிறகு கத்தியை எடுத்துக்கொண்டு, பாதியில் விட்ட புல்லை வெட்டப் போனாள்.