படைத்த பழம்

எலுமிச்சை மரத்தில் தொங்கிய பொறியைக் கழற்றித் திறந்த செல்வரத்தினம் அதைக் கண்ணருகே கொண்டுபோனார். உள்ளே செத்துக் கிடந்தது ஒரேயொரு ஈதான். ஆனால் கறுத்த முதுகில் இரண்டு மஞ்சள் கோடு. மாம்பழ ஈ! கிளிநொச்சியில் விவசாய உத்தியோகத்தராக இருந்த பன்னிரண்டு வருடமும் இந்தச் சனியனோடுதானே மல்லுக்கட்டினார், அடையாளம் மறக்குமா? நியூசிலாந்தில் இது இல்லை. இருக்கவும் கூடாது.

கிளென்ஃபீல்ட் புறநகரில் இரண்டு கிழமைக்கொரு தரம் வீடு வீடாகப் போய் அரசாங்கம் தொங்கவிட்ட பழ ஈப் பொறிகளைப் பார்ப்பது அவர் வேலை. நாலு வருடம் பெற்றோல் ஷெட்டில் நின்ற மனுசனுக்குப் படித்த படிப்புக்கேற்ற முதல் வேலை. அடுத்த மாதம் நிரந்தரமாக்குவதாகவும் சொல்லியிருந்தார்கள். இப்படியொரு ஈ விழுந்தால் அந்த நிமிடமே அலுவலகத்துக்குப் போன் பண்ண வேண்டும். பழம் வாங்கும் நாடுகளுக்கெல்லாம் உடனே அறிவித்தாக வேண்டுமென்பது ஒப்பந்தம். கப்பலில் ஏற்றிய பழமும் திரும்பி வரும். பிறகு ஈ எங்கிருந்து வந்ததென்று ஒவ்வொரு வீட்டு வளவாகத் தோண்டுவார்கள்.

அந்த எலுமிச்சை மரம் நின்ற வீட்டுக்கு அடுத்த வளவு செல்வரத்தினத்துடையது.

தைப்பொங்கலுக்கு ஊரிலிருந்து வந்த மச்சாள் கௌரி, சேலை மடிப்புக்குள் ஒளித்து ஆறு மாம்பழம் கொண்டுவந்திருந்தாள். ஊர்க்கோயிலில் படைத்த பழமாம். அவர் சத்தம் போட்டதென்னவோ உண்மைதான். போட்டுவிட்டு, தானும் ஒரு துண்டை வாயில் போட்டுக்கொண்டார். வெட்கக்கேடு!

வீட்டுக்குள் நுழைந்ததும் மனைவியைக் கேட்டார்.

"ரதி, அந்த மாம்பழத்திலை புழு இருந்ததோ?"

"ஓமப்பா, ரெண்டிலை. சாமிக்குப் படைச்சதைக் குப்பையிலை போடலாமோ? பீச் மரத்தடியிலை தாட்டுவிட்டன்."

தேங்காய்ச் சிரட்டையோடு போய் மரத்தடியைக் கிளறினார். மண்ணோடு மண்ணாக அரிசிமணி போலப் பழுப்பு ஈக்கூடுகள் வந்தன. எல்லாமே வெடித்து வெறுங்கூடாகக் கிடந்தன. பறந்தவற்றில் ஒன்றுதான் பொறியில் விழுந்தது. மற்றவை? பழுக்கிற பழத்தில்தானே முட்டையிடும்? நிமிர்ந்து பார்த்தார். மரத்தில் ஒரு பழமும் இல்லை.

"ரதி! மரத்திலை நிண்ட பீச் எல்லாம் எங்கை?"

"ஏன் கத்துறியள்? போன வெள்ளிப் பூசைக்குப் பிரசாதமாக் குடுத்தன். இந்த முறை நல்ல காய்ப்பு, வந்த நாப்பது குடும்பத்துக்கும் காணுமாயிருந்தது. மணியம் அண்ணை பாட்டனி டவுன்ஸுக்குக் கொண்டு போனவர். வெஸ்ட்கேட் ஆக்களும் எடுத்தவை. பாவம், சற்குணம் அண்ணை தூரக் கெரிகெரியிலை ஒரு பழத்தோட்டத்திலை வேலையெல்லே, அங்கை வேலை செய்யிற பெடியளுக்கெண்டு ஒரு பை நிறையக் குடுத்துவிட்டனான்."

பெருமையாகத்தான் சொன்னாள். செல்வரத்தினம் தோள்பையில் கிடந்த பொறியைத் தொட்டுப் பார்த்தார். பேசாமல் இருந்துவிட்டால் என்ன? அந்த ஈயைக் கழிப்பறையில் போட்டுத் தண்ணீர் ஊற்றினால் யாருக்குத் தெரியும்? சொன்னால் வேலை போகும், கௌரி பெயரும் வெளியே வரும். சொல்லாவிட்டால் அந்த நாற்பது வீட்டு வளவும், கெரிகெரித் தோட்டமும் போகும்.

"உங்களுக்கெண்டு ஒண்டு சாமித்தட்டிலை வைச்சிருக்கிறன், எடுத்துத் தின்னுங்கோ," என்றாள் ரதி. "முகம் ஏன் இப்பிடிச் செத்துப்போய்க் கிடக்குது?"

விபூதிக்குப் பக்கத்தில் பீச் நன்றாகச் சிவந்திருந்தது. கையில் எடுத்துத் திருப்பினார். காம்படியில் ஊசி குத்தியதுபோல் ஒரு துளை, அதைச் சுற்றி ஈரம். பழத்தைக் கீழே வைக்காமலே மற்றக் கையால் ரெலிபோனை எடுத்து அலுவலக நம்பரை அழுத்தினார்.

மறுமுனையில் ஒரு பெண் "ஹலோ" என்றாள். அவர் திரும்பி ரதியைப் பார்த்தார். "ஹலோ?" என்றாள் மறுபடியும்.

பெருவிரலுக்குக் கீழே பீச்சின் தோல் மெல்ல அசைந்தது.