ரூபாய்க்கு ஒரு மீட்டர்

சென்னியப்பன் வேங்கை லாரிக் கம்பெனிக்குக் கொடுக்க வேண்டியது எட்டாயிரத்து அறுநூற்று அறுபத்திரண்டு ரூபாய் ஐம்பது காசு. சீமை லாரியைப் பார்த்ததற்கான அபராதம் அது.

பார்த்தது பதின்மூன்று விநாடி. விநாடிக்கு அறுநூற்றைம்பது வீதம் எட்டாயிரத்து நானூற்றைம்பது. தலையைச் சாய்த்துப் பார்த்ததற்குத் தனியாக இருநூற்றுப் பன்னிரண்டரை. அவனுக்கென்று கூட்டிப் போடவில்லை. ஊரில் எல்லாருக்கும் அதே விலைதான்.

சென்னியப்பனிடம் வேங்கை லாரி கிடையாது. வேறு லாரியும் கிடையாது. சைக்கிள்கூடக் கிடையாது. அவன் லோடுமேன். முப்பது வருடமாகச் சிமெண்டு மூட்டை ஏற்றி இறக்குகிறான். ஆனாலும் அவன் வேங்கைக்காரன். அவன் குடியிருப்பது வேங்கைத் தெரு. வேங்கைத் தெருவில் வேங்கைதான் உசத்தி. நம்ம நாட்டு இரும்பு, நம்ம ஆள் செய்தது. பாலத்துக்கு அந்தப் பக்கம் சீமைத் தெரு. அங்கே சீமை லாரிதான் லாரி, மற்றதெல்லாம் மாட்டு வண்டி. அவன் மனைவி பாவாயி அந்தத் தெருவில் பிறந்தவள். கல்யாணத்தின்போது இரண்டு பக்கமும் ஆறு மாதம் பேசிக்கொள்ளவில்லை.

சென்னியப்பனுக்கு வேங்கை மேல் இருந்தது வெறும் தெருப் பாசம் அல்ல. நாற்பத்தாறாம் வயதில் அவன் எழுத்துப் படித்தது வேங்கை லாரியின் நெற்றியைப் பார்த்துத்தான். மொத்தம் மூன்று எழுத்து. மூன்று மாதம் ஆனது. அப்புறம் தன் பெயர். அதற்கு ஒரு வருடம். அதுவரை கைநாட்டு.

அன்று காலை ரேஷன் கார்டில் அவன் கையெழுத்தைக் காணோம். பாஸ்புக்கிலும் காணோம். மகளின் மார்க் கார்டில் ஐந்து வருடமாகப் போட்ட கையெழுத்துகள் இருந்த இடம் துடைத்த மாதிரி வெள்ளையாக இருந்தது. பேனா எடுத்துப் போட்டுப் பார்த்தான். கை அசைந்தது. தாளில் ஒன்றும் விழவில்லை.

"ஏனுங்க, கம்பெனிக்காரன் உங்க கையெழுத்த ஜப்தி பண்ணிட்டானாட்டத் தெரியுது" என்றாள் பாவாயி.

"கேக்காமயேவா?"

"கேட்டுட்டா ஜப்தி பண்ணுவாங்க? போயி என்னன்னு பாத்துட்டு வாங்க. மத்தியானத்துக்கு மோரு கொண்டாறேன்."

வேங்கையின் விசுவாசப் பிரிவு பைபாஸ் ஓரம் நின்ற ஒரு லாரியின் கேபினுக்குள் இருந்தது. சென்னியப்பன் படியில் கால் வைத்து ஏறினான். உள்ளே நடை நாற்பதடி. அவன் நடக்க நடக்க அது எண்பதடி ஆனது. பிறகு ஒரு வரிசை வந்தது. அவனுக்கு முன்னால் நின்றவர் பகல் பதினோரு மணிக்கு ஸ்டெப்னியாகிவிட்டார். அவரை இருவர் உருட்டிக்கொண்டு போனார்கள். வரிசை ஓர் இடம் நகர்ந்தது.

கடைசியில் ஒரு மேஜை. மேஜைக்குப் பின்னால் சரோஜினி மேடம்.

"பேரு?"

"சென்னியப்பனுங்க."

"கையெழுத்துப் போடு."

"அதுதானுங்க மேடம் காணோம்."

"கையெழுத்து இல்லாம பேரு ஏது?" என்றார் மேடம். நோட்டில் 'சென்னியப்பன் என்று சொல்லிக்கொள்பவர்' என்று எழுதினார். "ஆசைப்பட்டுப் பாத்தியா?"

"இல்லீங்க. படிக்கறதுக்குப் பாத்தனுங்க."

"அது நம்ம எழுத்தில்லையே."

"அதனாலதானுங்க பதிமூணு விநாடி ஆச்சு. ஒரு வட்டத்து மேல ரெண்டு புள்ளி வெச்சிருந்தான். நம்மளுதுல ஒண்ணுதானுங்களே. ரெண்டாவது எதுக்குன்னு பாத்தனுங்க."

"தெரிஞ்சுதா?"

"இல்லீங்க."

"தெரிஞ்சிருந்தா இன்னும் ஐநூறு ஆயிருக்கும்."

மேடம் மேஜைக்கடியிலிருந்து ஓர் ஊறுகாய் பாட்டிலை எடுத்து வைத்தார். மூடியில் மூன்று ஓட்டை போட்டிருந்தது. உள்ளே அவன் கையெழுத்து சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தது. முன்னால் கொம்பு. கடைசிப் புள்ளி மட்டும் கொஞ்சம் பின்தங்கி ஓடியது. புள்ளி வைக்க அவன் எப்போதும் தாமதம்தான்.

"அஞ்சு மணிக்குள்ள கட்டோணும். இல்லைன்னா இதை டயர்ல வார்த்திருவோம். புது மாடலுக்கு டிசைன் தேவைப்படுது."

சென்னியப்பன் நினைத்துப் பார்த்தான். சேற்றில், சாணியில், செத்த நாய் மேல் அவன் பெயர் உருளும். ஒரு டயருக்கு எண்பதாயிரம் கிலோமீட்டர்.

"எங்கிட்ட நூத்தி நாப்பது ரூபாதானுங்க இருக்குது."

மேடம் சுவரைக் காட்டினார். பலகையில் எழுதியிருந்தது. அவன் விரல் வைத்துப் படித்தான். 'கடனைப் பணமாகவோ நீளமாகவோ செலுத்தலாம். ரூபாய்க்கு ஒரு மீட்டர்.'

"நீளமாவுங்களா?"

"நீட்டினா எடுத்துக்குவோம்."

"நான் மொத்தமே அஞ்சரை அடிதானுங்களே."

"மைதானத்துக்குப் போ. இழுவைக்குச் சங்கிலி வரலியாம்."

திரும்பும்போது நடை இரண்டே அடி இருந்தது.

மைதானத்தில் கூட்டம் அலைமோதியது. வருடத்துக்கு ஒருமுறை நடக்கும் இழுவை அது. வேங்கை லாரி சேலத்தைப் பார்த்து நின்றது. சீமை லாரி பவானியைப் பார்த்து நின்றது. இரண்டுக்கும் முதுகோடு முதுகு. நடுவில் சங்கிலி கட்டி இழுப்பார்கள். எது எதை இழுத்துக்கொண்டு போகிறதோ அது ஒரு வருடத்துக்கு நல்ல வண்டி. இந்தப் பக்கம் மஞ்சள் துண்டு. அந்தப் பக்கம் நீலத் துண்டு. பம்பை முழங்கியது. கைக்குழந்தைகூட ஹாரன் அடித்தது, வாயால்.

சீமைக்காரர்களுக்குத் தலைவன் பாவாயியின் அண்ணன் வையாபுரி. சீமை லாரி ஷெட்டில் மெக்கானிக். மீசையில் எப்போதும் கிரீஸ் இருக்கும்.

"உள்ளூர்ச் சங்கிலின்னா நாங்க மாட்ட மாட்டோம்" என்றார் வையாபுரி. "பாதில புட்டுக்கும்."

"சீமைச் சங்கிலி எங்க வண்டி மேல படவே கூடாது!" என்றது மஞ்சள் கூட்டம். "அதுல ஒரு கண்ணி போனா கப்பல்ல வரோணும்!"

"உங்க வண்டியே போனா? கட்டி இழுக்க எங்க வண்டிதான வரோணும்!"

கூட்டத்தைப் பிளந்துகொண்டு சென்னியப்பன் நடுவில் போய் நின்றான். வையாபுரி அவனை மேலும் கீழும் பார்த்தார்.

"மாப்ள, உங்க பேர்ல வண்டி ஏதாச்சும் இருக்குதுங்களா?"

"இல்லீங்க மச்சான்."

"சைக்கிளு?"

"அதுவும் இல்லை."

"அப்ப நீங்கதான் பொது. பிடிங்க."

இரண்டு கூட்டமும் ஒரே சமயத்தில் கைதட்டின. அப்படி நடந்தது அதுதான் முதல் தடவை.

சென்னியப்பன் வலது கையால் வேங்கையின் கொக்கியைப் பிடித்தான். இடது கையால் சீமையின் கொக்கியைப் பிடித்தான். சரோஜினி மேடம் சைக்கிளில் வந்து இறங்கி, அவன் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தார். மடியில் பாட்டில். மணி நாலு. விசில் ஊதினார்கள்.

இரண்டு எஞ்சினும் கத்தின. புழுதி எழுந்தது. சென்னியப்பன் நீள ஆரம்பித்தான்.

வலிக்கவில்லை. முப்பது வருடம் மூட்டை தூக்கிச் சுருங்கிய உடம்பு. தோள்பட்டையில் எங்கோ ஒரு முடிச்சு அவிழ்ந்தது. அப்புறம் முழங்கை. அப்புறம் மணிக்கட்டு. அவனுக்குச் சிரிப்பு வந்தது.

"நூறு!" என்றார் மஞ்சள் பக்கத்தில் மைக் பிடித்தவர். அவர் வலது கையை அளந்தார். "நூத்திரண்டு!" என்றார் நீலப் பக்கத்தில் மைக் பிடித்தவர். அவர் இடது கை. கூட்டல் மேடம் போட்டார்.

"இழுடா வேங்கை! இழு!"

"மாப்ள, உங்க வேங்கை பெருமூச்சு விடுது! ஏத்தத்துல தண்ணி குடுக்கோணுமாட்ட இருக்குது!"

"மச்சான், உங்க சீமை ஏசி போட்டுத் தூங்குது, எழுப்பி விடுங்க!" என்று சென்னியப்பன் கத்தினான். வாழ்க்கையில் அவன் அவ்வளவு சத்தமாகப் பேசியதில்லை. மஞ்சள் கூட்டம் துண்டுகளை வானத்தில் எறிந்தது. சில துண்டுகள் திரும்பி வரவில்லை.

ஆயிரம். இரண்டாயிரம். வலது கை டீக்கடையைத் தாண்டியது. இடது கை ரயில்வே கேட்டுக்குக் காத்திருந்து, திறந்ததும் போனது. நாலாயிரம் ஆனபோது பாவாயி மத்தியான மோருச் செம்போடு வந்தாள். அவன் கை இரண்டும் ஊரில் இல்லை. அவளே வாயில் ஊற்றினாள்.

"இன்னும் எவ்வளவுங்க?"

"பாதிக்கு மேல இருக்குது."

"கை இந்த நீளத்துக்குப் போனா சட்டை யாரு தெக்கறது?"

"கையெழுத்து வரட்டும் மொதல்ல."

அவள் வாயைத் துடைத்துவிட்டு, செம்பைக் கவிழ்த்துப் போட்டு, அதன் மேல் உட்கார்ந்தாள். மஞ்சள் பக்கமும் இல்லை, நீலப் பக்கமும் இல்லை. அவனுக்கு நேர் எதிரே.

ஆறாயிரத்தில் அவன் விரல்கள் ஏதோ உணர்ந்தன. வேங்கையின் கொக்கிக்கு அடியில் இரும்பில் எழுத்து வார்த்திருந்தது. தடவிப் பார்த்தான். ஒரு வட்டம். அதன் மேல் இரண்டு புள்ளி. இன்னொரு தடவை தடவினான். இரண்டு புள்ளிதான். இடது கையால் சீமையின் கொக்கியைத் தடவினான். அங்கேயும் எழுத்து இருந்தது. இது அவனுக்குத் தெரிந்த எழுத்து. கூட்டிப் படித்தான்.

"மச்சான்" என்று கூப்பிட்டான். "உங்க கொக்கில கோயமுத்தூருன்னு போட்டிருக்குதுங்க."

வையாபுரி நாலு பக்கமும் பார்த்தார். கிட்டே வந்து குனிந்தார். "மெதுவாப் பேசுங்க மாப்ள. உங்களுதுல?"

"ரெண்டு புள்ளி."

"தெரியும்" என்றார் வையாபுரி. எழுந்து நின்று, "சீமை! சீமை!" என்று முன்னைவிடச் சத்தமாகக் கத்தினார்.

நாலு ஐம்பத்தாறு. எட்டாயிரத்து அறுநூறு. பம்பைக்காரனின் கை தெரியவில்லை, அவ்வளவு வேகம். அறுநூற்றிருபது. அறுநூற்றைம்பது. சென்னியப்பனின் நெஞ்சு பம்பைக்கு மேல் அடித்தது. அறுநூற்று அறுபது. அறுபத்தொன்று. அறுபத்திரண்டு.

இரண்டு லாரியும் நின்றுவிட்டன. சக்கரம் சுற்றியது. வண்டி நகரவில்லை. சேலம் பக்கம் புகை. பவானி பக்கம் புகை.

"எவ்வளவுங்க மேடம் குறை?"

"அம்பது சென்டிமீட்டர்."

"அம்பது காசு தர்றனுங்க."

"பாதி பணம், பாதி நீளம்னு வாங்கறதில்லை." மேடம் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு நோட்டைப் பார்த்தார். "விரலை மடக்கி வெச்சிருக்க. மடக்கினது கணக்குல வராது. நீட்டினா சரியா இருக்கும்."

"நீட்டினா கொக்கி நழுவிருமுங்களே."

"நழுவும்."

மஞ்சள் கூட்டத்துக்கு இது கேட்டுவிட்டது. பம்பை நின்றது. "சென்னியப்பா, விட்டுராத!" என்று ஒரு குரல். அப்புறம் தெருவே கத்தியது. "விட்டுராதடா! நம்ம வேங்கைடா! உனக்கு எழுத்துச் சொல்லிக் குடுத்த வண்டிடா!" நீலக் கூட்டமும் கத்தியது. "விடாதீங்க மாப்ள! இன்னும் ஒரு தம்மு!" இரண்டு பக்கமும் அவன் விரலைத்தான் கெஞ்சின. அவன் விரலோ இரண்டு ஊருக்கு அப்பால் இருந்தது.

நாலு ஐம்பத்தெட்டு.

"மேடம், கொக்கிய விட்டா என்ன அபராதமுங்க?"

மேடம் விலைப்பட்டியலை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை புரட்டினார். "அது இதுல இல்லை. இதுவரைக்கும் யாரும் விட்டதில்லை."

பாட்டிலில் கையெழுத்து ஓடுவதை நிறுத்திவிட்டு, கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு நின்றது. புள்ளியும் வந்து சேர்ந்திருந்தது.

சென்னியப்பன் பாவாயியைப் பார்த்தான். செம்பின் மேல் உட்கார்ந்தபடி தன் விரல் பத்தையும் விரித்துக் காட்டினாள்.

அவன் விரல்களை நீட்டினான்.

வேங்கை சேலத்துக்குப் போனது. சீமை பவானிக்குப் போனது. இரண்டும் திரும்பிப் பார்க்கவில்லை. கொஞ்ச நேரம் எஞ்சின் சத்தம் கேட்டது. எது எந்தச் சத்தம் என்று யாராலும் சொல்ல முடியவில்லை. பிறகு மஞ்சள் கூட்டம், "வேங்கைதான் முதல்ல போச்சு!" என்று குதித்தது. நீலக் கூட்டமும் சீமை என்று மாற்றி அதையே சொல்லிக் குதித்தது. இரண்டு பக்கமும் பட்டாசு வெடித்தார்கள்.

"எட்டாயிரத்து அறுநூத்து அறுபத்திரண்டு மீட்டர், அம்பது சென்டிமீட்டர்" என்றார் மேடம். "கணக்கு நேர். ரசீதுல கையெழுத்துப் போடு."

"கை அங்க இருக்குதுங்களே."

மேடம் பாட்டிலைக் கேரியரில் வைத்துக் கட்டினார். ரசீது புத்தகத்தைக் கக்கத்தில் இடுக்கினார். அவன் வலது கையோரமாகவே சைக்கிளை மிதித்துப் போனார். சைக்கிள் எந்தக் கம்பெனி என்று யாரும் கேட்கவில்லை.

சென்னியப்பன் காத்திருந்தான். கால் மணி நேரம் கழித்து விரலில் ஏதோ ஊர்ந்தது. அது உள்ளங்கைக்கு வந்து, மணிக்கட்டில் ஏறி, தோலுக்குள் போனது. குறுகுறுவென்றிருந்தது. பிறகு பேனா. நாலு கிலோமீட்டருக்கு அப்பால், கண்ணால் பார்க்காமல், அவன் எழுதினான். கொம்பு. சுழி. ஒவ்வொன்றாக. கடைசியில் கொஞ்சம் தாமதித்துப் புள்ளி வைத்தான்.

"போட்டாச்சுங்களா?" என்றாள் பாவாயி.

"போட்டாச்சு."

மேடம் திரும்பி வந்து ரசீதை அவன் முகத்துக்கு நேரே பிடித்தார். 'பாக்கி இல்லை' என்று முத்திரை குத்தியிருந்தது. அதற்குக் கீழே அவன் பெயர். கொஞ்சம் கோணல். மேடு பள்ளத்தில் எழுதிய மாதிரி இருந்தது. ஆனால் முழுசாக இருந்தது.

மைதானத்தில் பட்டாசுப் புகை. பாவாயி சேலம் பக்கம் போன அவன் கையை இழுத்துச் சுருட்ட ஆரம்பித்தாள், கயிறு சுற்றுகிற மாதிரி, முழங்கைக்கும் கட்டைவிரலுக்கும் இடையில்.

சென்னியப்பன் தலையைச் சாய்த்து அந்தப் பெயரைப் பார்த்தான். பதின்மூன்று விநாடி பார்த்தான். யாரும் எண்ணவில்லை.