ஆர்டித்தின் சாட்டர்ன்

காரின் பானெட் மேல் கை வைத்ததுமே லோர்னாவுக்குச் சந்தேகம் தட்டியது. சூடாக இருந்தது. 'ஒரு மாசமா இது நகரவே இல்லை' என்று சற்று முன்புதான் காரை விற்கிற வெர்லின் ஸ்டம்ப் சொல்லியிருந்தார். காலையில் கிளம்ப மறுக்கிற காரை, வாங்க வருகிறவர் பார்ப்பதற்குள் ஓட்டிச் சூடாக்கி வைப்பது பழைய கார் விற்பவர்கள் செய்யும் வேலைதான்.

ஆனால் லோர்னாவுக்கும் வேறு வழியில்லை. அவளுடைய சாட்டர்ன் கார் போன வாரம் மானில் மோதி முன்பக்கம் நசுங்கிக் கிடக்கிறது. கம்பெனியே மூடிப் பல வருஷமாகிவிட்டதால் உதிரிபாகம் எங்கும் கிடைக்கவில்லை. அதே மாதிரி ஒரு காரை வாங்கிப் பிரித்து, தன் காரை நிமிர்த்திவிடலாம் என்று கணக்குப் போட்டுத்தான், பக்கத்து வீட்டு கீத்தின் வண்டியில் இந்தச் சோளக்காட்டு வீட்டில் வந்து இறங்கியிருந்தாள். அவன் இறக்கிவிட்டுத் திரும்பிப் போய்விட்டான்.

"யாரு ஓட்டின கார் இது?"

"என் பொண்டாட்டி." வெர்லின் தொப்பியைச் சரிசெய்துகொண்டார். "அவ போயிட்டா."

"அடடா. எப்போ?"

அவர் பதில் சொல்வதற்குள் வீட்டுக் கதவு திறந்தது. வெள்ளை முடியும் ஆண்கள் போடும் குளிர்கோட்டுமாக ஓர் அம்மாள் இறங்கி வந்தாள். "யாரு வெர்லின் இது? என் கார் பக்கத்துல என்ன பண்றாங்க?"

வெர்லின் லோர்னாவின் காதருகே குனிந்தார். "புத்தி போயிடுச்சுன்னு சொல்ல வந்தேன். கிளம்பினா திரும்ப வழி தெரியாது. அதான் விக்கிறேன். அவ எது சொன்னாலும் தலையாட்டிடுங்க." சாவியை லோர்னாவிடம் கொடுத்துவிட்டு, இன்னொரு சாவியைத் தேடி உள்ளே போனார்.

அம்மாள் கிட்டே வந்தாள். "எனக்கு மறதின்னு சொல்லியிருப்பானே?"

லோர்னா தலையாட்டவில்லை.

"பொய். தங்கச்சியோட போய் இருக்கலாம்னு காலையில கிளம்பினேன். டிராக்டரைக் குறுக்கே விட்டு மடக்கிட்டான். சாவியைக் குடு, ஓட்டிக் காட்டுறேன்."

அப்படியானால் பானெட் சூடு இதனால்தானோ? மறதி நோயாளிகளும் இதே தெளிவோடு பேசுவார்கள் என்பதும் லோர்னாவுக்குத் தெரியும். அவள் வேலை பார்ப்பது முதியோர் இல்லத்தில். இருவரில் ஒருவர் பொய் சொல்கிறார். வீட்டு ஜன்னலை ஒருமுறை பார்த்துவிட்டுச் சாவியைக் கொடுத்தாள். பக்கத்தில் ஏறி உட்கார்ந்து கைபிரேக்கைப் பிடித்துக்கொண்டாள்.

நாற்சந்தி வரை போய்த் திரும்பாமல் கார் மேற்கே போனது.

"எங்க போறோம்?"

"நியோமா வீட்டுக்கு. என் தங்கச்சி."

"எங்க இருக்காங்க அவங்க?"

"போன தடவை நான் போனப்ப இருந்த எடத்துலதான்."

அந்தத் தங்கை செத்து எத்தனை காலமோ என்று லோர்னா நினைத்தாள். ஆனால் அம்மாள் சிக்னலுக்கெல்லாம் நின்று, ரயில் கேட்டில் இருபுறமும் பார்த்து, வான் வெர்ட் ஊரில் ஒரு செங்கல் வீட்டு வாசலில் அலுங்காமல் கொண்டுபோய் நிறுத்தினாள்.

கதவைத் திறந்தவளுக்கும் அதே மூக்கு. "ஆர்டித்? உனக்கு ஆளே அடையாளம் தெரியலைன்னு வெர்லின் சொன்னானே. போன்லகூடக் குடுக்க மாட்டேன்னுட்டான்."

"பெட் ரூம் தயாரா?"

"கிறிஸ்துமஸ்ல இருந்து தயாரா இருக்கு. இது யாரு?"

"என் காரை வாங்க வந்தவ. பாவம், அவளுக்கு ஒண்ணும் தெரியாது." ஆர்டித் கோட்டைக் கழற்றினாள். "என்னை நிறுத்த முடியலை. காரை நிறுத்திடலாம்னு பார்த்திருக்கான்."

லோர்னாவின் போன் அடித்தது. வெர்லின்தான். "காரை எங்கயாவது கவுத்துட்டாளா?"

"இல்லை. ஒழுங்கா ஓட்டினாங்க. நியோமாம்மா வீட்டுல இருக்கோம். கார் எனக்கு வேண்டாம்."

"அவகிட்ட குடுங்க" என்றார். அந்தக் குரலில் முன்பிருந்த சாமர்த்தியம் இல்லை.

ஆர்டித் போனைச் சற்று வெறித்துப் பார்த்துவிட்டு வாங்கினாள். "வெர்லின், ஃபிரிட்ஜ்ல பீன்ஸ் சூப் இருக்கு. சுடவெச்சுச் சாப்பிடு" என்று மட்டும் சொல்லிவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

நியோமா காப்பி ஊற்றினாள். லோர்னா கீத்துக்கு போன் போட்டு, வான் வெர்ட்டுக்கு வந்து கூட்டிப்போகச் சொன்னாள். கார் வாங்கப் போனவளுக்கு எதற்கு வண்டி என்று அவன் கேட்டான். வந்தபிறகு சொல்கிறேன் என்றாள்.