சுள்ளென்று அடிக்காத ஸ்வெட்டர்

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை எனக்கு ஓர் ஏ.டி.எம். அறையின் கண்ணாடிக் கதவுக்கு வெளியே கிடைத்தது.

தை மாதத்து நடுப்பகல், புதுச்சேரியின் உழவர்கரை. வரிசையில் எனக்கு முன்னால் யாருமில்லை. ஆனாலும் உள்ளே போக முடியவில்லை. உள்ளே ஒரு பெண் நீலக் கம்பளி ஸ்வெட்டரைக் கழுத்துவரை இழுத்து மாட்டிக்கொண்டு, முதுகைச் சுவரோரப் பிளாஸ்டிக் பலகையில் தேய்த்துக்கொண்டிருந்தாள். கையில் கார்டு இல்லை. பணம் எடுக்கும் உத்தேசமும் இருப்பதாகத் தெரியவில்லை. பக்கத்தில் காலி மீன்கூடையோடு இன்னோர் அம்மாள். வெளியே நின்ற காவலாளி என்னைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

சற்றுப் பொறுத்து ஸ்வெட்டர்க்காரி கதவின் இரும்புக் கைப்பிடியைத் தொட்டாள். துள்ளினாள். கையை உதறினாள். பிறகு வாய் கொள்ளாமல் சிரித்தாள். வலி பட்ட ஒருவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

அந்தச் சிரிப்பின் காரணம் எனக்கு வேண்டியிருந்தது. நேரில் கேட்கக் கூச்சம். ஆகவே அவளுடைய சலவைக் கடையைக் கண்டுபிடித்து, கசங்காத துப்பட்டாக்களையெல்லாம் ஒவ்வொன்றாக இஸ்திரிக்குக் கொடுத்தேன். கடை பெஞ்சில் உட்கார்ந்து காதில் வாங்கியது பாதி. மீதி நான் இட்டுக்கட்டியது. எது எது என்று முடிந்த இடத்தில் சொல்கிறேன்.

2

தொடக்கம், முதல் முயற்சி:

'கம்பளி என்பது ஆட்டின் முடி. காற்று வறண்டிருக்கும்போது அதை இன்னொரு துணியோடு உரசினால் அதில் மின்சாரம் தேங்கி—'

(நிறுத்திவிட்டேன். பாடப் புத்தகம் மாதிரி இருக்கிறது. பாடப் புத்தகத்தைப் பாதியில் மூடியவள் நான். அதன் குரலில் பேச வராது.)

இரண்டாம் முயற்சி:

'கடலோர ஊரான புதுச்சேரியில் கம்பளித் துணிக்கு வேலையே—'

(பொய். பிரான்சிலிருந்து விடுமுறைக்கு வருகிறவர்கள் கழற்றிக் கொடுத்த கனத்த கோட்டுகள் அவள் கடையில் வரிசையாகத் தொங்குவதை நானே பார்த்திருக்கிறேன். ஏர்போர்ட்டில் போட்டுக்கொள்ளத் துவைத்து வைக்கச் சொல்லிவிட்டு, சட்டைப் பொத்தானைத் திறந்துவிட்டுக்கொண்டு கடற்கரைக்குப் போய்விடுவார்கள்.)

மூன்றாம் முயற்சி:

"டேய், நீ தொட்டா அந்தம்மா ஏன்டா கத்துது?"

சரி. இதுதான் கதவு. உள்ளே வாருங்கள்.

3

"டேய், நீ தொட்டா அந்தம்மா ஏன்டா கத்துது?"

இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு ஜோவிதா ஃபோனில் கேட்டாள். அந்தப் பக்கம் அவள் தம்பி கிளாட்வின். (முதலில் அவனுக்கு ஆகாஷ் என்று பெயர் வைத்தேன். மாதா படத்துக்குக் கீழே நின்று இஸ்திரி போடுகிற அக்காவுக்கு அந்தத் தம்பி ஒட்டவில்லை.) பிரான்சில், லியோன் நகரத்தின் ஒரு முதியோர் இல்லத்தில் அவனுக்கு வேலை. குளிப்பாட்டுவான், உடுத்திவிடுவான், ஊட்டிவிடுவான். அங்கே ஒதில் என்று ஒரு மூதாட்டி. நினைவு தப்பிப்போனவர். யாரையும் அண்டவிடாத அவர், கிளாட்வின் சேர்ந்த புதிதில் அவன் கையை மட்டும் பிடித்துக்கொண்டு தாழ்வாரம் முழுக்க நடந்தார். குளிர்காலம் வந்தது. எல்லாம் தலைகீழாகிவிட்டது.

"குத்துறான் குத்துறான்னு கத்துறாங்கக்கா. நான் விரல வெக்கறேன், சுள்ளுன்னு ஒரு பொறி. எனக்கே வலிக்குது. நான் ஊசி வெச்சிக்கிட்டு வர்றதா நெனக்கிறாங்க."

"ஊசிக்கு எங்கடா போவ நீ?"

"நீ குடுத்த நீல ஸ்வெட்டர்தான்க்கா. ஹீட்டர் போட்ட ரூமு. காத்து அப்பளமா காஞ்சி கெடக்குது. கழட்டுனா படபடன்னு பொரியுது."

"அப்ப கழட்டிப் போட்டுட்டு வேலயப் பாரு."

"கழட்டிப் பாத்தேன். காலைல எல்லா ஜன்னலயும் தொறந்து வெப்பாங்க. சளி புடிச்சிட்டுது. தும்முறவனக் கிட்டயே விட மாட்டாங்க. வேற ஒரு ஜாக்கெட் இருக்குது, பாலியஸ்டரு. அது இன்னும் மோசம்." மூக்கை உறிஞ்சிக்கொண்டான். "இந்த மாசக் கடைசில என்ன வெச்சிக்கிறதா வேணாமான்னு முடிவு பண்ணுவாங்க. ஆளுங்க பயப்படற பையன எப்டி வெச்சிக்கிறதுன்னு பெரிய நர்ஸு கேட்டுட்டாங்க."

அந்த ஸ்வெட்டரை ஜோவிதா ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் ஜோடியாக வாங்கியிருந்தாள். ஒரே நீலம், ஒரே கம்பளி. ஒன்று தம்பிக்கு, ஒன்று தனக்கு. இந்த ஊரில் உனக்கு எதற்கு என்று கேட்டவர்களிடம், "அவன் போட்டுக்கிறப்ப எப்டி இருக்கும்னு எனக்குத் தெரிய வேணாமா?" என்றாளாம். (இது இட்டுக்கட்டியதில்லை. இந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் நான் மூன்றாவது துப்பட்டாவைக் கொடுத்தேன்.)

அன்று துணிப் பெட்டியிலிருந்து தன்னுடையதை எடுத்து மாட்டினாள். கையைத் தேய்த்தாள், முதுகைத் தேய்த்தாள், கடையின் இரும்புக் கதவைத் தொட்டாள். ஒன்றுமில்லை. வேர்த்ததுதான் மிச்சம்.

"இங்க ஒண்ணும் ஆவலியேடா. நெஜத்தச் சொல்லு. வீட்டு நெனப்பு வந்துட்டுதா? திரும்பி வரதுக்கு ஒரு சாக்கா?"

"நீயுமாக்கா?" என்றான். ஃபோன் வைக்கப்பட்டது.

4

இங்கே கதையை நிறுத்தி ஜோவிதாவைப் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டும். பேசாவிட்டால் எனக்கு ஆறாது.

நானாக இருந்தால் அழுதிருப்பேன். வேறு யாராவது இருந்தால் வேளாங்கண்ணிக்கு நேர்ந்துகொண்டிருப்பார்கள், அல்லது வேறு ஸ்வெட்டர் வாங்கிக்கொள் என்று சொல்லியிருப்பார்கள். ஜோவிதா, தம்பியைக் கடித்தது தன்னையும் கடிக்க வேண்டும் என்று முடிவு செய்தாள். ஒருவரை நம்புவதற்கு இப்படி ஒரு வழி உண்டென்று அதுவரை எனக்குத் தெரியாது.

அவளுக்குத் துணி தெரியும். மழைக்காலத்தில் ஈரம் ஏறி முரண்டு பிடிக்கும் கோட்டு, பெட்டி சூட்டில் எப்படி மாறுகிறது என்று கை அறியும். அவள் யோசித்தது இவ்வளவுதான். இங்கே பொறி வராததற்குக் கடல் காற்றுதான் காரணம். கம்பளி அந்த ஈரத்தைக் குடித்துக் குடித்துச் சாதுவாகிவிடுகிறது. ஆகவே ஈரத்தைப் பிடுங்க வேண்டும். பிறகு ஈரமில்லாத ஓர் இடத்துக்கு அதைக் கொண்டுபோக வேண்டும்.

உழவர்கரையில் ஒரு லியோன் எங்கே இருக்கிறது?

5

ஏ.சி. விறைக்கும் ஏ.டி.எம். அறையில்.

ஸ்வெட்டரின்மேல் வெள்ளைத் துணி போட்டு, சருகாகும்வரை இஸ்திரி போட்டாள். சூடாறும் முன் பிளாஸ்டிக் கவரில் சுற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நடந்தாள். மீன் விற்று முடித்துக் கடை வாசலில் மூச்சு வாங்கிக்கொண்டிருந்த ராஜாம்பாள், வேடிக்கை பார்க்கக் கூடவே கிளம்பினாள். வீராம்பட்டினத்துக்காரி. இந்தத் தெருவில் அவளுக்குத் தெரியாமல் எதுவும் நடக்கக் கூடாது.

"எம்மா, பணம் எடுக்க வந்தீங்களா, பேய் ஓட்ட வந்தீங்களா?" என்றார் காவலாளி ராமலிங்கம். "மீன்கூடய வெளிய வைங்க. மெஷினுக்கு வாந்தி வந்துரும்."

"உங்க மெஷினு இன்னா சைவமா?" என்று சொல்லிக்கொண்டே ராஜாம்பாள் கூடையோடு உள்ளே போனாள்.

மற்றதை நீங்கள் என்னோடு சேர்ந்து கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்தீர்கள். பார்க்காதது: தரையில் யாரோ கிழித்துப் போட்ட ரசீதுத் துண்டுகள் ஸ்வெட்டர்க் கையை நோக்கி எழும்பி ஒட்டிக்கொண்டன. கேட்காதது: கைப்பிடியைத் தொட்டதும் ஜோவிதா போட்ட சத்தம்.

"நெஜம்! அவன் சொன்னது நெஜம்க்கா!"

அந்தச் சந்தோஷத்தில் மறுபடி முதுகைத் தேய்த்துவிட்டு ராஜாம்பாளின் கையைப் பிடித்தாள்.

"அடிப் பாவி! தேளாட்டம் கொட்டுது!"

"இன்னொருவாட்டி கையக் குடுக்கா."

"போடி அந்தாண்ட. இது சோறு திங்கற கை."

ராஜாம்பாள் கையை முந்தானைக்குள் ஒளித்துக்கொண்டாள். ஜோவிதாவின் சிரிப்பு அங்கேதான் நின்றது. காரணம் தெரிந்த ராஜாம்பாளே கையை இழுத்துக்கொள்கிறாள். எதையும் நினைவில் வைக்க முடியாத அந்த மூதாட்டிக்கு, இந்தச் சுள்ளென்ற ஒன்று மட்டும் எப்படி நினைவில் நின்றுவிட்டது?

6

(அடைப்புக்குறிக்குள் ஒரு சந்தேகம். ராஜாம்பாளை நான் இவ்வளவு பேசவிட்டிருக்கக் கூடாதோ? ஜோவிதா தனியாக இருந்தால் வாயே திறக்க மாட்டாள் என்றுதான் இவளைக் கொண்டுவந்தேன். இப்போது கதையே இவள் கூடைக்குள் போய்க்கொண்டிருக்கிறது. எடுத்துவிடலாமா என்று ஒருமுறை எடுத்தும் பார்த்தேன். ஜோவிதா தொடுவதற்கு ஆள் இல்லாமல் போயிற்று. திரும்ப வைத்துவிட்டேன்.

இன்னொரு சந்தேகம் ஒதில் அம்மாளைப் பற்றி. அவரை நான் பார்த்ததில்லை. லியோனையும் பார்த்ததில்லை. அவர் முகத்தை எழுத மூன்று வாக்கியம் தொடங்கி, 'சுருக்கம் விழுந்த', 'பனி போல வெளுத்த', 'அந்தக் கண்களில்' என்று மூன்றையும் அடித்துவிட்டேன். எனக்குத் தெரிந்தது அவர் கை மட்டும். அது போர்வைக்குள் இருக்கிறது.)

7

ஜோவிதா தம்பியை அழைத்தாள். மன்னிப்பு என்ற சொல்லை அவர்கள் வீட்டில் யாரும் பயன்படுத்துவதில்லை.

"எனக்கும் அடிச்சிதுடா" என்றாள்.

"வலிச்சிதா?"

"ராஜாம்பாக்காவுக்குத்தான் ரொம்ப வலிச்சிது. இன்னும் ஏசிக்கினு கீது. நீ சொல்லு, ஸ்வெட்டரத் தோச்சி எங்க காயப்போடற?"

"ஹீட்டர் மேல. ராத்திரி பூரா. காலைல மொறுமொறுன்னு இருக்கும். நீதானக்கா சொல்லிக்குடுத்த, பொட்டு ஈரம் இருந்தாலும் துணி நாறும்னு?"

ஜோவிதா தலையில் அடித்துக்கொண்டாள். ஐப்பசி மழையில் வாரக்கணக்கில் காயாத துணியோடு மல்லுக்கட்டுகிற ஊர் இது. மொறுமொறுவென்று காய்வதுதான் இங்கே சுத்தம். அந்தச் சுத்தத்தைக் கிளாட்வின் விமானத்தில் கொண்டுபோய், காற்றில் ஈரமே இல்லாத அறையில் ஹீட்டர் மேல் விரித்திருக்கிறான்.

"உள்ள இன்னா போடற?"

"நைலான் பனியன். சீக்கிரம் காயுது."

"காயறதுலயே இரு நீ."

பிறகு அவள் செய்ததை நான் கடை பெஞ்சிலிருந்தே பார்த்தேன். கம்பளியும் முடிதானே என்று, தலைக்குக் குளித்தபின் தன் சுருள் முடிக்குப் போடும் கண்டிஷனரில் ஒரு சொட்டைக் கடைசித் தண்ணீரில் கரைத்து ஸ்வெட்டரை முக்கினாள். முறுக்காமல் துண்டில் சுருட்டி அழுத்தினாள். நிழலில் படுக்கப்போட்டாள். காய்ந்ததும் முன்போலவே பெட்டி போட்டு, உள்ளே பருத்திச் சட்டையோடு, மறுபடி ஏ.டி.எம்.

ரசீதுத் துண்டுகள் தரையிலேயே கிடந்தன. ராஜாம்பாள் கண்ணை இறுக மூடிக்கொண்டு விரலை நீட்டினாள்.

"தொட்டுட்டியா?"

"எப்பவோ தொட்டுட்டேன்."

"ஒண்ணுமில்ல. சில்லுனு கீது, அவ்ளோதான்." கண்ணைத் திறந்தாள். பிடித்த கையை அவள் உடனே விடவில்லை.

"அடுத்தவாட்டி ஒரு கார்டாவது எடுத்துகினு வாங்கம்மா" என்றார் ராமலிங்கம். "கேமராவுல பாத்துட்டுக் கேட்டா நான் இன்னா சொல்றது?"

அன்று மாலை ஜோவிதா தம்பிக்கு எல்லாவற்றையும் சொன்னாள். ஹீட்டர் பக்கமே கொண்டுபோகாதே. குளிக்கும்போது ஸ்வெட்டரைக் குளியலறையில் மாட்டு, ஆவி குடிக்கட்டும். உள்ளே பருத்தி. ஒதில் அம்மாள் அறையில் ஈரத்துண்டு ஒன்றைத் தொங்கவிடு. கடைசியாக ஒன்று சொன்னாள்.*

"மாதா கோயிலுக்குள்ள நொழயறப்ப தீர்த்தத் தொட்டியத் தொட்டுட்டுதானே போவ? அது மாதிரி அவங்ககிட்ட போறதுக்கு முன்னாடி கையக் கழுவு. சாவியால தண்ணிக் கொழாயத் தொடு. உங்கிட்ட இருக்கறதெல்லாம் அங்க எறங்கிடும். கை ஈரம் காயறதுக்குள்ள போய்த் தொடு."

* ரப்பர் அடி வைத்த செருப்பும் ஒரு காரணம் என்று பின்னால் நான் படித்தேன். ஜோவிதாவுக்கு அது தெரியாது. ஆனால் குழாயைத் தொடுகிறவனுக்குச் செருப்பைப் பற்றிக் கவலையில்லை. தெரியாமலேயே அதற்கும் சேர்த்துச் சொல்லியிருக்கிறாள். இதை எழுதும்போது பேனாவை வைத்துவிட்டுச் சற்று நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

8

முடிவு, ஒன்று: ஒதில் அம்மாள் கையைப் பிடித்துக்கொள்கிறார். தாழ்வாரம் முழுக்க நடக்கிறார்கள். (எழுதும்போதே எனக்குக் கண் கலங்கியது. அதனாலேயே இதன்மேல் நம்பிக்கையில்லை.)

முடிவு, இரண்டு: பொறி போய்விட்டது, பயம் போகவில்லை. அவர் போர்வையைத் தலைவரை இழுத்துக்கொள்கிறார். கிளாட்வின்— (நடக்கக்கூடியதுதான். ஆனால் ஜோவிதாவின் முகத்தைப் பார்த்தவளால் அடுத்த வாக்கியத்தை எழுத முடியாது.)

முடிவு, மூன்று: கேட்டுவிடுவது.

நேற்று கடைசித் துப்பட்டாவோடு போனேன். நடுப்பகல். லியோனில் அப்போதுதான் விடிந்திருக்கும். மேசைமேல் ஃபோன், ஸ்பீக்கரில். அதை அவன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு நடக்கிறான் போல. தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. இரும்பில் சாவி தட்டும் சத்தம். பிறகு காலடிகள், ஒரு கதவு.

"போன்ழூர், மதாம்" என்று வணக்கம் சொன்னான் கிளாட்வின்.

போர்வை சரசரத்தது.

பெஞ்சில் இருந்த ராஜாம்பாள் ஃபோன் பக்கம் சாய்ந்தாள். ஜோவிதா உள்ளங்கையைப் பாவாடையில் துடைத்தாள். உடனே ஏதோ ஞாபகம் வந்தவளாகத் துணிக்குத் தெளிக்கும் தண்ணீரில் விரல்களை நனைத்தாள். அந்தக் கையை மேசைக்கு மேலே, வெறும் காற்றில், மெல்ல நீட்டினாள். அவள் அதைச் செய்தது அவளுக்கே தெரியாது என்றுதான் நினைக்கிறேன்.

நான் துப்பட்டாவை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். இன்னும் ஒரு நொடி நின்றிருந்தால் முடிவு என் காதில் விழுந்திருக்கும். விழுந்தால் எழுதியாக வேண்டும். அது அவர்களுடையது.

ஆகவே இங்கே நிறுத்துகிறேன். ஓர் ஈரக் கை நீண்டிருக்கிறது. போர்வைக்குள்ளிருந்து இன்னொரு கை அசைகிறது. நடுவில் ஒரு விரற்கடை இடம். அதை நான் எழுதவில்லை, உங்களுக்கு விட்டிருக்கிறேன்.

தொடுவதற்கு முன் பக்கத்தில் ஏதாவது குழாய் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.