வால் முளைத்த கோப்புகள்

1

இந்தக் கதை என் அக்காவுடையது. அவளிடம் கேட்காமல் எழுத ஆரம்பித்துப் பாதியில் பிடிபட்டேன்.

அக்கா ஒரு கண் மருத்துவமனையின் கணினிப் பிரிவில் இருக்கிறாள். கோப்புகளை வரிவரியாகப் படித்துத் திருத்தும் சின்ன ஸ்கிரிப்டுகள் எழுதுவாள். எந்த வகை யுனிக்ஸ் கணினியில் போட்டாலும் ஓடவேண்டும் என்பது அவள் பிடிவாதம். "அக்காவின் விரல்கள் விசைப்பலகையில் நடன—" (வேண்டாம். அவள் இரண்டு விரலால் குத்துகிறவள்.)

2

அன்று அவள் எழுதியது ஒரே வரி: அறுவை சிகிச்சைப் பட்டியல்களில் 'ரத்து' என்று வரும் வரிகளை நீக்கு. தன் மேசையில் நாலு வரி மாதிரியை வைத்துச் சோதித்தாள், பிசகில்லை. வரவேற்பறையின் பழைய கணினியிலும் ஓடியது. ஆனால் அங்கே ஒவ்வொரு பட்டியலுக்குப் பக்கத்திலும் அதே பெயரில், "-e" என்று வால் முளைத்த இன்னொரு கோப்பு வந்து நின்றது.*

"என்னம்மா இது, குப்பையா கொட்டி வெச்சிருக்கீங்க?" என்றார் வரவேற்பறைக்காரர்.

அக்காவுக்கு மானம் போயிற்று. வாலுள்ளவற்றை ஒன்றுவிடாமல் அழித்தாள். 'ரத்து இல்லை' என்று குறித்திருந்த பத்தொன்பது நோயாளிகளும், அதிலும் 'ரத்து' என்ற சொல் இருந்ததால், பட்டியலிலிருந்து போய்விட்டார்கள் என்பது சாயங்காலம்தான் தெரிந்தது.

* அக்காவின் வரியில் இருந்த "-e" என்பதை அந்தப் பழைய யுனிக்ஸ் கட்டளையாக எடுக்கவில்லை. திருத்துமுன் மூலத்தைத் தனியே பத்திரப்படுத்தி, அதன் பெயரோடு ஒட்டச் சொன்ன வால் என்று எடுத்துக்கொண்டது. அவள் அழித்த குப்பைதான் மூலம்.

3

காகிதப் படிவங்களைப் புரட்டிப் பதினேழு பேரைக் கண்டுபிடித்தாள். மீதி இருவர் மறுநாள் காலை வெறும் வயிற்றோடு வந்தார்கள். பட்டியலில் பெயர் இல்லை என்றதும் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்கள்.

முதல் வரைவில் பத்தொன்பது பேரும் கிடைத்துவிட்டதாக எழுதியிருந்தேன். அக்கா படித்துவிட்டு நிமிர்ந்தாள்.

"அந்த ரெண்டு பேர் எங்கடா?"

"உனக்கு நல்லதுதானேன்னு எடுத்துட்டேன்."

"நான் தெரியாம எடுத்தேன். நீ தெரிஞ்சே எடுக்கறியா?"

சுருக்கென்றது. திரும்ப எழுதினேன்.

4

கைவசம் இரண்டு முடிவுகள் உண்டு. ஒன்றில், டாக்டர் கடைசியாக அவர்களையும் உள்ளே கூப்பிடுகிறார். இன்னொன்றில், வேறு தேதி வாங்கிக்கொண்டு ஒருவரையொருவர் பிடித்தபடி படி இறங்குகிறார்கள். எது நடந்தது என்று அக்கா சொல்லவில்லை. அவர்கள் முன்னால் போய் நின்று "தப்பு என்னோடதுங்க" என்றதை மட்டும் சொன்னாள்.

உங்களுக்குப் பிடித்த முடிவை வைத்துக்கொள்ளுங்கள். அந்த இருவரை மட்டும் பெஞ்சிலிருந்து எடுத்துவிடாதீர்கள்.