பந்தியின் கடைசி ஆள்

எங்கள் சபையின் மேசை, அதில் உட்கார்ந்திருப்பவர்கள் எவ்வளவு விலகுகிறார்களோ அவ்வளவு நீளும். நீளாவிட்டால் நடுவில் வெட்டு விழும், வெட்டு விழுந்தால் இரண்டு மேசையாகிவிடும், இரண்டு மேசை கூடாது என்பது சபையின் முதல் ஒழுங்கு. அதனால் அது நீண்டு கொடுத்தது. நல்ல மரம்.

ஆரம்பத்தில் அது ஒரு வீட்டுக் கூடத்துக்குள் அடங்கியிருந்தது. எங்களுடையது சின்னத் தீவு. யூதர்களும் கிரேக்கர்களும் வந்த வரிசையில் தோளோடு தோள் இடித்து உட்கார்ந்து ஒரே அப்பத்தைப் பிட்டுச் சாப்பிட்டோம். நான் யூதன். பெயர் அசரியா, கருவாட்டு வியாபாரம். என் மனைவி கல்லிஸ்தா கிரேக்கப் பெண், கப்பல் பாய் தைப்பவள். நாங்கள் எப்போதும் பக்கத்தில் பக்கத்தில் உட்காருவோம். என் தட்டில் இருப்பதை அவள் எடுத்துக்கொள்வாள். அதை யாரும் கவனித்ததில்லை.

பிறகு, யூதன் மற்றவர்களோடு ஒரே பந்தியில் சாப்பிடக்கூடாது என்று நினைக்கும் சிலர் எருசலேமிலிருந்து வந்தார்கள். அவர்கள் ஒன்றும் சொல்லவில்லை. வாசலில் நின்று பார்த்தார்கள், அவ்வளவுதான். எங்கள் மூப்பர் யோசதாக் கையிலிருந்த அப்பத்தைக் கீழே வைத்துவிட்டு ஒரு சாண் தள்ளி உட்கார்ந்தார். அவர் பக்கத்திலிருந்த ஹெர்மியாஸ், கிரேக்கர்களில் பெரியவர், சாயப்பட்டறை வைத்திருப்பவர். மூப்பருக்குச் சங்கடம் வேண்டாமே என்று அவரும் ஒரு சாண் தள்ளிக்கொண்டார். யார் மனமும் புண்படவில்லை. மேசை நீண்டது.

வந்தவர்கள் அடுத்த கப்பலிலேயே திரும்பிவிட்டார்கள். தள்ளி உட்காருவது மட்டும் நிற்கவில்லை. இவர்கள் கொஞ்சம் தள்ளுவார்கள், மரியாதைக்கு அவர்களும் கொஞ்சம் தள்ளுவார்கள், அவர்களே தள்ளிய பிறகு நாம் தள்ளாமல் இருந்தால் நன்றாயிருக்காது என்று இவர்கள் மறுபடியும் தள்ளுவார்கள். இப்படியே யூதர்கள் கிழக்குப் பக்கமும் கிரேக்கர்கள் மேற்குப் பக்கமும் ஆனார்கள், முதலில் தள்ளிய யோசதாக்கும் ஹெர்மியாஸும் இரண்டு கோடிகளுக்குப் போனார்கள். நானும் கல்லிஸ்தாவும் இடத்தை விட்டு அசையவில்லை. அசையாத காரணத்தால் எங்கள் வரிசையில் நான் கடைசி ஆளானேன், அவர்கள் வரிசையில் அவள் கடைசி ஆளானாள். தள்ளும்போதெல்லாம் முழு பெஞ்சும் நகரும், பெஞ்சோடு நாங்களும் போவோம். நீண்ட மேசையெல்லாம் எங்கள் இருவருக்கும் நடுவில்தான் நீண்டது.

கொஞ்ச நாளில் மேசை சுவர்களைத் தாண்டித் தெருவுக்கு வந்தது. ஒரு முனை எண்ணெய்க் கடைகள் வழியாகக் கடற்கரைக்குப் போனது, மறுமுனை சுங்கச்சாவடிக்குள் நுழைந்து மறுபக்கம் வந்தது. சுங்கக்காரர்கள் குனிந்து போகப் பழகிக்கொண்டார்கள். வெயில் நேரத்தில் ஆடுகள் அதன் அடியில் படுத்தன.

பந்தி என்றால் கடைசி ஆள் சாப்பிட்டு முடிக்கும்வரை யாரும் எழக்கூடாது. இதில் யூதன், கிரேக்கன் என்ற வித்தியாசம் கிடையாது. ஆனால் அப்பம் இந்த முனையிலிருந்து அந்த முனைக்குப் போய்ச் சேர்வதற்குள் அடுத்த வேளை வந்துவிடும். அதனால் யாரும் வீட்டுக்குப் போகவில்லை. உட்கார்ந்த இடத்திலேயே தூங்கினோம், உட்கார்ந்த இடத்திலேயே தொழில் பார்த்தோம். எனக்கு முதுகு வலி அப்போது ஆரம்பித்தது.

எழுந்திருக்க உரிமை இருந்தது எனக்கு மட்டும். யோசதாக் பிட்ட அப்பம் கை மாறிக் கை மாறி என்னிடம் வரும். நான் அதை எடுத்துக்கொண்டு, ஆளில்லாத வெறும் மேசையை ஒட்டி நடந்து கல்லிஸ்தாவிடம் கொடுப்பேன். அவள் அடுத்தவருக்குக் கொடுப்பாள். காலையில் கிளம்பினால் போய்ச் சேர மத்தியானமாகும். கால் வீங்கிவிடும். ஆனாலும் சபையில் என்னைப் போலக் கொடுத்துவைத்தவன் இல்லை என்றுதான் நினைத்தேன். அவளைப் பார்க்கிறேன் அல்லவா?

மேசை நீளத் தொடங்கியபோதே அவள் உண்டாகியிருந்தாள். ஒவ்வொரு தடவை போகும்போதும் வயிறு பெரிதாகத் தெரிந்தது. பிரசவத்தின்போது பக்கத்தில் இருக்க வேண்டும் என்பதைத் தவிர எனக்கு வேறு ஆசை கிடையாது. யோசதாக்கிடம் சொல்லி அனுப்பினேன். பதில் வரிசையில் வந்தது, மிகவும் அன்பான பதில். தாராளமாகப் போகலாமாம், ஆனால் நான் போய்விட்டால் வெறும் மேசையைப் பார்த்து உட்கார வேறொருவர் வேண்டுமாம், அதற்கு யாருக்கும் மனம் வரவில்லையாம். கல்லிஸ்தா என் பக்கம் வருவதைப் பற்றி ஹெர்மியாஸிடம் கேட்டாள். அவரும் அதே பதிலைத்தான் சொன்னார், இன்னும் அன்பாக. பிள்ளை எந்தப் பக்கம் உட்காரும் என்றும் கேட்டோம். தாய் வழிதான் பிள்ளை, அதனால் அது கிரேக்கர்களுடையது என்றார் யோசதாக். தகப்பன் பெயர்தான் பிள்ளைக்கு, அதனால் அது யூதர்களுடையது என்றார் ஹெர்மியாஸ். இருவருமே விட்டுக்கொடுத்தார்கள். எனக்கு அலுத்துப்போயிற்று.

இதற்கிடையில் சபை இரண்டு பக்கமும் பெருகியது. புதியவர்கள் வரிசைக்குள் வந்து உட்கார உட்கார முனைகள் கடற்கரை ஓரமாகவே வளைந்து போயின. ஒருநாள் தீவின் பின்பக்கம், உப்பளத்துக்கு அருகில், யோசதாக் வழக்கம்போல் தள்ளி உட்கார்ந்தபோது முதுகில் ஏதோ இடித்தது. திரும்பிப் பார்த்தார். ஹெர்மியாஸின் முதுகு.

இருவரும் கட்டிக்கொண்டு அழுதார்கள் என்று கேள்விப்பட்டேன். முதலில் விலகியவர்கள் அவர்கள்தான், இப்போது அவர்களைவிட நெருக்கமாக உட்கார்ந்தவர்கள் சபையில் இல்லை. யோசதாக் அப்பத்தைப் பிட்டுத் தோளுக்கு மேலாக நீட்டினார், ஹெர்மியாஸ் வாங்கிக்கொண்டார். பிரச்சினை தீர்ந்தது என்று வரிசை முழுவதும் ஸ்தோத்திரம் சொன்னார்கள். அந்த ஸ்தோத்திரம் என்னிடம் வந்தபோது நானும் சொன்னேன். அடுத்து சொல்ல ஆள் இல்லை.

அதன் பிறகு அப்பத்தை யாரும் சுமந்து போக வேண்டியிருக்கவில்லை. சுமக்க அப்பம் இல்லாததால் எழுந்திருக்க எனக்கு உரிமையும் இல்லை. யோவாகாஸ் என்று எனக்குப் பக்கத்து ஆள் ஒருவன், தச்சன், நல்ல மனிதன். அவன்தான் சொன்னான்.

"இனி நீங்க நடக்க வேண்டாம்ணே. கால் குணமாயிரும்."

கால் குணமாயிற்று. எதிரே வெறும் மேசை கிடந்தது. அதன் மறுகோடியில் கல்லிஸ்தா இருந்தாள், கண்ணுக்குத் தெரியவில்லை. நாங்கள் இருவரும்தான் நகராதவர்கள். இப்போது இந்தத் தீவில் ஒருவருக்கொருவர் அதிகத் தொலைவில் இருப்பவர்களும் நாங்கள்தான். இதை யோவாகாஸிடம் சொல்லிப் பார்த்தேன். ஆமாம், என்ன செய்வது என்றான்.

பிள்ளை பிறந்த செய்தி வரிசையில் வந்தது. கிரேக்கர்கள் எல்லோரையும் கடந்து, யூதர்கள் எல்லோரையும் கடந்து, கடைசியில் யோவாகாஸ் என் காதில் சொன்னான், பெண் என்று. தாயும் நலம். பிள்ளையைத் தகப்பனுக்குக் காட்ட வேண்டும் என்று கல்லிஸ்தா அனுப்பிவிட்டாளாம், மடி மாறி மடி மாறி வந்துகொண்டிருக்கிறதாம்.

நான் காத்திருந்தேன். அவசரப்படுத்த முடியாது. கைப்பிள்ளை, ஒவ்வொரு மடியிலும் அதற்குப் பால் கொடுக்க வேண்டும், தூங்கவைக்க வேண்டும், காய்ச்சல் வந்தால் சரியாகும்வரை வைத்துக்கொள்ள வேண்டும். அவ்வப்போது செய்தி வரும். தவழ்கிறாள் என்றார்கள். பேச்சு வந்துவிட்டது, கிரேக்கம்தான் என்றார்கள். ஹெர்மியாஸ் அவளை ஒரு வாரம் கீழே விடவில்லையாம், யோசதாக் கேட்டு வாங்கிக்கொண்டாராம். அவர் மடியில் எங்கள் மொழியும் படித்துக்கொண்டாள் என்றார்கள்.

அவள் என்னிடம் வந்து சேர்ந்தபோது முன்பல் இரண்டும் விழுந்து மறுபடி முளைக்கத் தொடங்கியிருந்தது. தலையை யாரோ கிரேக்க முறையில் பின்னிவிட்டிருந்தார்கள், அதற்கு மேல் யாரோ எங்கள் முறையில் முக்காடு போட்டிருந்தார்கள். யோவாகாஸ் மடியிலிருந்து இறங்கி என் முன்னால் நின்றாள். கல்லிஸ்தாவின் கண். எனக்கு அழுகை வந்தது, அழுதேன். நான் அழுது முடிக்கும்வரை அவள் பொறுத்திருந்தாள்.

"அப்பா, நீங்க சாப்பிட்டாச்சான்னு அம்மா கேக்கச் சொன்னாங்களாம். உங்களுக்கு ஆச்சுன்னு தெரிஞ்சா அவங்க சாப்பிடுவாங்களாம்."

அன்றைய அப்பம் என் கையில்தான் இருந்தது. அவள் பார்க்கும்படி அவசர அவசரமாகப் பிட்டு வாயில் போட்டுக்கொண்டேன்.

"சாப்பிட்டாச்சுன்னு சொல்லு. இந்த வெறும் மேசை வழியாவே போயிடும்மா. அரை நாள்தான். சீக்கிரம் சொல்லிடலாம்."

அவள் அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தாள்.

"அங்க யாருமே இல்லையேப்பா. யார் மடியில உக்காருவேன்?"

யோவாகாஸ் தொடையைத் தட்டிக் காட்டினான். அவள் ஏறி உட்கார்ந்தாள், அவன் அவளை அடுத்தவருக்குக் கொடுத்தான். நான் வாயிலிருந்ததை மென்று முடித்தேன்.