மருதாசலம் சார் கட்டிய முப்பத்தேழு வீடுகள்

மருதாசலம் சார் கட்டிய வீடுகளில் ஆள் பிறந்தால் ஓர் அறை முளைக்கும். அந்த ஆள் இனி வரமாட்டார் என்று ஆனதும் அறை வாடி உதிர்ந்துவிடும். பொள்ளாச்சியிலிருந்து உடுமலை வரை இப்படி முப்பத்தேழு வீடுகள் உண்டு. செங்கல், கம்பி, சிமெண்ட் எதுவும் அவற்றில் கிடையாது. வாஸ்து பூஜையன்று வீட்டார் ஒவ்வொருவரும் தாம் படுக்க விரும்பும் இடத்தில் ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றுவார்கள். நாற்பத்தெட்டு நாளில் வீடு வந்துவிடும்.

வந்த வீட்டை அளந்து, படம் போட்டு, நகராட்சியில் அனுமதி வாங்குவது என் வேலை. இருபத்தாறு வருடமாக நான் அவருடைய வரைவாளன். மற்ற இடங்களில் படம் முதலில், வீடு அப்புறம் என்கிறார்கள். அந்தத் தலைவலி எனக்குத் தெரியாது.

முதல் பத்து வருடம் ஓகோவென்று போனது. விருதெல்லாம் கொடுத்தார்கள். பிறகு பிள்ளைகள் படித்து வெளிநாடு போகத் தொடங்கினார்கள். மகன் திரும்பி வருவானா என்று ஊரார் ஜாதகம் பார்ப்பார்கள். எங்கள் வாடிக்கையாளர்கள் அவன் அறைச் சுவரை அமுக்கிப் பார்ப்பார்கள். சுவர் அமுங்கினால் சாருக்குப் போன் வரும்.

"உரம் கிரம் போட்டா நிக்குங்களா?"

"நிக்காதுங்க. கட்டிலை மட்டும் வெளிய எடுத்து வெச்சுருங்க."

அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசமாட்டார். கல்நெஞ்சக்காரர் என்று பேராகிவிட்டது. புதிதாக வீடு கேட்டு வருவது நின்றுபோனது.

அவருடைய சொந்த வீட்டில் இரண்டே அறைகள்தான் மிச்சம். மனைவியின் அறை, பதினாறாம் நாள் காரியம் முடிந்த கையோடு உதிர்ந்துவிட்டது. ஒன்று அவருடையது, மற்றது மகள் கோகிலவாணியுடையது. பாப்பா டொரண்டோ போய் ஆறு வருடம். இந்தத் தை மாதம் அந்த அறையின் ஜன்னலோரம் மஞ்சளாகியிருந்தது. முதலில் பார்த்தவன் நான். சொல்ல வாய் வரவில்லை.

இரண்டு நாள் கழித்து அவரே பார்த்துவிட்டார்.

"கனகு, ரெண்டு மூட்டை சிமெண்ட் வாங்கிட்டு வா."

"நம்ம வீட்டுக்குங்களா சார்?"

"வாங்கிட்டு வான்னா வா."

மேடைக்கு மேடை அவர் திட்டிய பொருள் அது. அவரே குழைத்து, அறைக்கு முட்டுக் கொடுத்து ஒரு தூண் நிறுத்தினார். குலை தள்ளிய வாழைக்குக் கொடுப்பதுபோல நினைத்திருப்பார். எட்டாம் நாள் அறை தூணைவிட்டு நழுவித் தரையில் உட்கார்ந்தது. தூண் மட்டும் ஜம்மென்று நின்றது. அதன் அடியில் உட்கார்ந்து சார் வாய்விட்டு அழுதார்.

"எத்தனை பேருகிட்டக் கட்டிலை எடுத்து வெளிய வைங்கன்னு சொல்லியிருக்கேன் கனகு" என்றார். எனக்கும் தாங்கவில்லை. அறை நீக்கத்துக்கான மனுவை எழுதி நீட்டினேன். அவர் கையெழுத்துப் போடவில்லை.

சித்திரையில் பாப்பா போன் செய்தாள். நாலு நாள் வருகிறாளாம். சார் அன்றே முகச்சவரம் செய்துகொண்டார். அறை பழைய இடத்திலேயே திரும்ப வரும் என்று தூணைச் சுற்றிக் கல் பொறுக்கினார்.

அறை வந்தது. ஆனால் கேட்டுக்குப் பக்கத்தில் வந்தது. தனிக் குளியலறை, மூடிவைத்த தண்ணீர் ஜாடி, கவிழ்த்த இரண்டு டம்ளர், மடித்த வெள்ளைத் துண்டு எல்லாம் கூடவே முளைத்திருந்தன. முப்பத்தேழு வீட்டிலும் இப்படி ஒன்று வந்ததில்லை.

கோகிலவாணி பெட்டியை உள்ளே வைத்துவிட்டுச் சுற்றிப் பார்த்தாள்.

"நல்லா இருக்குதுங்கப்பா. உங்களுக்குத்தான் வீண் சிரமம்."

"சிரமமெல்லாம் இல்ல அம்மிணி. தானா வந்துச்சு."

படம் போடுவதற்காக அந்த அறையை அளந்தேன். கதவின் உள்பக்கம் மர ரேகையிலேயே எழுத்து வந்திருந்தது: அறையைக் காலி செய்ய வேண்டிய நேரம், காலை பதினொரு மணி.

நான்காம் நாள் பாப்பா பத்தே முக்காலுக்கே கிளம்பிவிட்டாள்.